மேல் அம்புக்குறியை இருமுறை அழுத்தவும்

மார்ச் 3, செவ்வாய்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கூடத்தில் இருக்கும் டிவி மேசையை ஜன்னலிலிருந்து ஒன்றரை அடி இடப்புறம் நகர்த்துவது என்று இன்று முடிவெடுக்கப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவனே. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

காரணம் வலுவானது. மாலை நான்கு மணிக்கு வெயில் திரையில் விழுகிறது. படிக்கட்டு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. நேற்று இதனால் ஒரு குளிர்சாதனப் பெட்டியை இரண்டாம் மாடியிலிருந்து கீழே விட்டுவிட்டேன். விளையாட்டில்தான்.

மூன்று பத்துக்கு வேலை தொடங்கியது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால், "இருங்க, ரெண்டு பேரா பிடிக்கலாம்" என்றிருப்பாள். ஓராண்டாகத் தினமும் கட்டிலும் அலமாரியும் மாடியிலிருந்து இறக்குகிற எனக்கு ஒரு மேசைக்கு எதற்கு ஆள்? தள்ளினேன். நகர மறுத்தது. அழுத்தித் தள்ளினேன். பின்னால் ஏதோ இழுபட்டு, 'டக்' என்று ஒரு சின்ன சத்தம். மேசை சொன்ன இடத்தில் போய் நின்றது.

நான்கு மணிக்கு விளையாட்டுப் பெட்டியைப் போட்டேன். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. படம் வரவில்லை.

மார்ச் 4, புதன்

இன்றும் வரவில்லை.

இந்தக் குறிப்பேட்டைப் படிக்கப் போகிறவன் நான் மட்டுமே என்றாலும், வயதாகிறது. பத்து வருடம் கழித்துப் புரட்டும்போது எது என்ன பெட்டி என்று விழிக்கக்கூடாது. ஆகவே விவரமாக.

என் தொழில், வீட்டுச் சாதனங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்ப்பது. லட்சக்கணக்கில் அச்சாகும் எழுத்து என்னுடையது. நான் அறிந்த எழுத்தாளர் எவருக்கும் இந்தப் பெருமை கிடையாது. வாசகர்கள் அதை உறையிலிருந்து எடுக்காமலே இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள் என்பது தனி விஷயம்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு கேம் கன்சோலின் கையேடு வந்தது. பழகிப் பார்க்க ஒரு கன்சோலும் சேர்த்து அனுப்பினார்கள். திருப்பிக் கேட்க மறந்தார்கள். கையேட்டில் அதற்கு 'விளையாட்டு முனையம்' என்று பெயர் சூட்டினேன். என்னையும் சேர்த்து உலகில் ஒருவரும் இதுவரை அந்தப் பெயரால் அதை அழைத்ததில்லை. வீட்டில் அது 'பெட்டி'. அப்போது மகனுக்குப் பதினான்கு வயது. வீட்டில் எல்லாருக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று எனக்கும் ஒன்று தொடங்கிக் கொடுத்தான். நான் தொடவில்லை. கையேடு எழுதுகிறவன் கருவியையும் இயக்க வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

மகன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. சட்டப் படிப்பைக் கடைசி ஆண்டில் நிறுத்திவிட்டு, வேறு ஊரில் ஓர் ஓட்டல் சமையலறையில் சேர்ந்துகொண்டான். என்னோடு பேச்சில்லை. அம்மாவோடு ஞாயிறு காலை பத்து நிமிடம், போனில்.

போன வருடம் தூசி தட்டும்போது பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கு அப்படியே இருந்தது. அவன் பெயரைத் தேடினேன். இருந்தான். என் பெயரைப் 'பின்னிணைப்பு' என்று மாற்றிக்கொண்டு – யாராலும் ஊகிக்க முடியாத பெயர் – நண்பராகச் சேர்க்கும்படி வேண்டுகோள் அனுப்பினேன். மூன்றாம் நாள் சேர்த்துக்கொண்டான்.

அவன் ஆடுவது வீடு காலி செய்கிற விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்து சாமான்களைத் தூக்கிப் படியிறங்கி, திருப்பம் திரும்பி, வாசலில் நிற்கும் வண்டியில் ஏற்ற வேண்டும். ஒருவன் முன்னால் பிடிப்பான், ஒருவன் பின்னால். சுவரில் இடித்தால் புள்ளி குறையும். மதிய வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்கும்வரை அவனுக்கு நாலிலிருந்து ஐந்துவரை ஓய்வு. அந்த ஒரு மணி நேரம், ஞாயிறு தவிர, ஓராண்டாக, நானும் என் மகனும் யார் யார் வீட்டையோ காலி செய்துகொண்டிருக்கிறோம்.

அவன் மைக்கில் பேசுவான். கன்ட்ரோலரில் நான் செருகும் ஹெட்ஃபோன் பழையது, மைக் கிடையாது. சதுரப் பொத்தானை அழுத்தினால் திரையில் என் ஆள் காலால் தரையைத் தட்டுவான். ஒரு தட்டு, ஆமாம். இரண்டு தட்டு, இல்லை. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஓராண்டு ஓட்டியிருக்கிறேன். நேரில் இருந்தபோது இவ்வளவு சுமுகமாக ஓர் ஆண்டு போனதாக நினைவில்லை.

நான் ஆடுவது மனைவிக்குத் தெரியும். யாரோடு என்பது தெரியாது. "அம்பத்தெட்டு வயசுல பொம்மை பீரோ தூக்கறாரு" என்று தன் தங்கையிடம் போனில் சொன்னாள். தங்கை அந்தப் பக்கம் சிரித்தது இந்த அறைவரை கேட்டது.

மார்ச் 5, வியாழன்

கேபிளின் இரு முனைகளையும் இடம் மாற்றிச் செருகினேன். வரவில்லை. புதுக் கேபிள் வாங்கி வந்தேன். வரவில்லை. டிவியில் வேறு துளையில் செருகினேன். 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டியது. பிழையற்ற வாக்கியம். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி

குற்றம் பெட்டியிலா டிவியிலா என்று தீர்க்க, பெட்டியைத் துண்டில் சுற்றி எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். எதிர்வீட்டில் இருப்பவர் பல் மருத்துவர். அவருடைய டிவியிலும் படம் வரவில்லை. "இருங்க" என்று உள்ளே போய், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியையும் விளக்கையும் கொண்டுவந்தார். பெட்டியின் பின்பக்கத் துளையை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளே வரிசையில ஒண்ணு சாஞ்சிருக்கு சார்."

"என்ன ஒண்ணு?"

"பல்லு மாதிரிதான் இருக்கு. எப்பவாவது பலமா அடிபட்டுச்சா?"

இல்லை என்றேன். மேசை விஷயம் அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பல் மருத்துவருக்குப் பார்க்கிற இடமெல்லாம் பல். துண்டைச் சுற்றி எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

இத்தனை நாள் படம் இல்லை என்றதும் அணைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். இன்று அணைக்கவில்லை. கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து ஹெட்ஃபோனைக் கன்ட்ரோலரில் செருகினேன். முதல் பொத்தான், இரண்டு வலம், உறுதி. ஓராண்டுப் பழக்கம், விரலுக்குத் தெரிந்திருந்தது.

"அட பின்னி. எங்க போயிட்டீங்க நாலு நாளா?"

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இரண்டு தட்டு.

"அப்புறம் ஏன் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

இதற்கு என்னிடம் சொல் இல்லை.

"என்மேல கோவமா?"

இரண்டு தட்டு. இன்னும் இரண்டு தட்டினேன்.

"சரி சரி, புரியுது. நில்லுங்க. நான் நாற்காலி மட்டும் ஏத்தறேன்." ஏற்றிக்கொண்டே பேசினான். இன்றைக்கு நாற்பது கிலோ வெங்காயம். புதிதாக வந்த தலைமைச் சமையல்காரர் கத்தியைத் தவிர எல்லாவற்றையும் எறிகிறாராம். வியாழக்கிழமை எண்ணெய் தெறித்து இடது மணிக்கட்டில் கொப்புளம். "பெருசா ஒண்ணும் இல்ல. கன்ட்ரோலர் பிடிக்கறப்பத்தான் உரசுது."

படம் இருந்த நாட்களில் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலும். இவ்வளவு பேசுகிறான் என்று தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி சமையலறையில் நின்றபடி பத்து நிமிடம் பேசினாள். வைத்ததும், "நல்லா இருக்கானாம்" என்றாள். வாரா வாரம் எனக்குக் கிடைக்கும் அறிக்கை இந்த இரண்டு சொல்தான்.

"கை" என்று என் வாய்வரை வந்தது. "கைவேலை ஒன்று இருக்கிறது" என்று எழுந்து போனேன்.

மார்ச் 9, திங்கள்

"பின்னி, ஒண்ணு கேக்கறேன். உங்க டிவியில படம் வரலையா?"

ஒரு தட்டு.

"அப்படிச் சொல்லுங்க. நான்கூட உங்களுக்குக் கண்ணு போயிடுச்சோன்னு ஒரு நிமிஷம்… சரி, வாங்க. நான் சொல்றபடி நடங்க. சோபா. முன்னாடி நான் பிடிச்சிருக்கேன்."

கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருபது நிமிடம் நடந்தேன். நேரா. நேரா. நிறுத்துங்க. இடது பக்கம் கொஞ்சம். இல்ல, உங்க இடது. படி வருது, ஒண்ணு, ரெண்டு, மெதுவா, மூணு. அவன் முதன்முதலாக நடந்தபோது நான் இப்படிச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த வாரம் ஒரு மின்விசிறியின் கையேட்டை முடிக்க வேண்டியிருந்தது. நடந்துவிட்டான் என்று மனைவி வந்து சொன்னாள்.

நாலு இடத்தில் இடித்தோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

சோபாவை ஏற்றிய பிறகு வைத்தியம் சொன்னான். "கேபிள் மாத்தினீங்களா? வேற டிவி? அப்ப கேபிள் செருகற போர்ட்டுதான். கடையில குடுங்க. ஒரு விஷயம், பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சா ஒரு மெனு வரும்னு சொல்லுவாங்க. படம் இல்லாம அதுக்குள்ள போயிடாதீங்க. குருட்டாம்போக்குல எதையாவது அமுக்கினா மொத்தமும் அழிஞ்சிரும். சரியா?"

ஒரு தட்டு.

மார்ச் 10, செவ்வாய்

இன்று சாப்பாட்டு மேசை. எட்டு நாற்காலி.

"எங்கப்பாவும் உங்களை மாதிரிதான் பின்னி. ஒரு இடத்துல நின்னார்னா நகரமாட்டார்." ஒரு நாற்காலியை ஏற்றிவிட்டு வந்தான். "ஆனா உங்ககிட்ட ஒண்ணு பிடிச்சிருக்கு. நீங்க எதையும் திருத்த மாட்டீங்க."

எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும்.

போகும்போது நாலு பக்கக் கடிதம் ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். ஏன் படிப்பை விட்டான், ஏன் சமையல், என்னிடம் நேரில் சொல்ல ஏன் முடியவில்லை. உட்கார்ந்து படித்தேன். பென்சில் கையில் இல்லாமல் எனக்குப் படிக்கத் தெரியாது. முப்பது வருடப் பழக்கம். மறந்து வைத்த சார்ஜரை எடுக்க அன்று மாலையே திரும்பி வந்தவன், மேசையில் கடிதத்தைப் பார்த்தான். 'இந்தப் பத்தி நீளம், சுருக்கலாம்.' 'இதே கருத்து பக்கம் 2-இல் வந்துவிட்டது.' 'என்னைக் கேட்டதே இல்லை' என்று அவன் எழுதிய வரிக்குப் பக்கத்தில், 'எடுத்துக்காட்டு தேவை.'

சார்ஜரை எடுத்துக்கொண்டு போனான். கடிதத்தையும்.

இன்று போகுமுன் சொன்னது: "நாளை மறுநாள் கடைசி வீடு. கண்ணாடி வச்ச பீரோ, மூணு மாடி. படம் இல்லாம முடியாது பின்னி. சரி பண்ணிட்டு வந்துருங்க. இல்லன்னா வேற யாரையாவதுதான் கூப்பிடணும்."

மார்ச் 11, புதன்

கடையில் கொடுத்தால் மூன்று நாள் ஆகும் என்றார்கள். பீரோ நாளைக்கு.

கையேட்டைத் தேடி எடுத்தேன். உறை பிரிக்காமல் இருந்தது. பக்கம் 41: 'படம் தோன்றாத நிலையில்: மின் பொத்தானை இரண்டாவது ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடிக்கவும். மேல் அம்புக்குறியை இருமுறை அழுத்தவும். உறுதிப் பொத்தானை மூன்று முறை அழுத்தவும். படம் இயல்பு நிலைக்குத் திரும்பும்.'

சுருக்கமாகவும் ஐயத்துக்கு இடமில்லாமலும் எழுதப்பட்டிருக்கிறது. மகன் சொல்வதற்கும் கையேட்டுக்கும் முரண்பாடு இருக்கிறது. மகன் சொன்னது யாரோ சொன்னது. கையேடு அச்சில் இருக்கிறது. தவிர, அதை எழுதியவரை எனக்கு நீண்ட நாளாகத் தெரியும்.

பத்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாசகன், வரி பிசகாமல் செய்து முடித்தான். பெட்டி வெகுநேரம் உறுமியது. நல்ல அறிகுறி என்று கருதுகிறேன்.

மார்ச் 12, வியாழன்

நாலு மணி. திரை கறுப்பு. முதல் பொத்தான், இரண்டு வலம், உறுதி. அவன் குரல் இல்லை. இதுவரை கேட்காத ஒரு மெல்லிய இசை, திரும்பத் திரும்ப. ஐந்து மணிவரை அதைக் கேட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கடையில் கொடுத்தேன். பழுது பார்க்கிறவர் உருப்பெருக்கியில் கண்ணை வைத்த பத்தாவது வினாடியில், "பின் வளைஞ்சிருக்கு சார். வயரோட இழுத்தீங்களா?" என்றார்.

மேசை நகர்த்தியதைச் சொன்னேன்.

"தனியாவா?"

"ஆமாம்."

சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வரும் வழியில் பல் மருத்துவர் எதிரே வந்தார். நலம் விசாரித்தார். நலம் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

போர்ட் மாற்றியாகிவிட்டது. கடையின் சிறிய டிவியில் போட்டுக் காட்டினார். படம் அருமை. ஒரு வெள்ளைத் திரை, நடுவில்: 'வரவேற்கிறோம். மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.' அந்த மெல்லிய இசை.

"இது என்ன?" என்றேன்.

"புதுப் பெட்டியில முதல்ல வரும் சார்."

"இது பத்து வருடப் பழசு."

"அதான் நானும் யோசிச்சேன். போர்ட்டு மாத்தினா உள்ளே இருக்கறது போகாது. யாரோ மெனுவுல போய் மொத்தத்தையும் அழிச்சிருக்காங்க. வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"இல்லை. கையேட்டைப் பார்த்துத்தான் செய்தேன்."

அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. "கையேட்டையெல்லாம் யாராவது படிப்பாங்களா சார்?"

மார்ச் 17, செவ்வாய்

இன்று அந்த மெனுவைப் படத்தோடு திறந்து பார்த்தேன். ஏழு வரி. முதல் வரியில் நிற்கும். கீழே இரண்டு முறை அழுத்தினால் மூன்றாவது வரி, 'பட அமைப்பை மாற்றுக'. மேலே இரண்டு முறை அழுத்தினால் சுற்றிக்கொண்டு அடியிலிருந்து இரண்டாவது வரிக்குப் போகிறது. 'அனைத்தையும் அழிக்கவும்.' உறுதியா என்று இரண்டு முறை கேட்கும். ஆக மொத்தம் மூன்று உறுதி.

மூலத்தில் 'கீழ்' என்றுதான் இருக்கிறது. பழைய கோப்பைத் தேடிப் பார்த்துவிட்டேன். அதே வாரம் ஒரு துவையல் இயந்திரத்தின் கையேடும் செய்துகொண்டிருந்தேன். அதில் இதே மாதிரி ஒரு வரி. பிழையில்லாத வாக்கியத்தை எதற்கு மறுபடி எழுத வேண்டும் என்று அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். துவையல் இயந்திரத்தில் மேல் அம்புக்குறிதான்.

பத்து வருடம். லட்சம் பிரதி. ஒரு புகார் வந்ததில்லை. ஏன் வரும்? ஒருத்தனும் படிக்கல.

அவன் சொன்னானே. வாயால சொன்னானே, போயிடாதீங்கன்னு. நானும் ஆமாம்னு தட்டினேனே. பெத்த பிள்ளை சொன்னதைவிட நான் எழுதினது பெரிசாப் போச்சா எனக்கு? போச்சு. எப்பவும் அப்படித்தானே.

மார்ச் 18, புதன்

கணக்கு எங்கோ தூரத்தில் பத்திரமாக இருக்கிறதாம். கடவுச்சொல் போட்டால் போதும், எல்லாம் திரும்ப வரும். அந்தக் கடவுச்சொல்லை நான் அறியேன். பதினான்கு வயதில் அவன் போட்டது.

'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று கேட்டது. நினைவில் இருந்தால்தானே மறப்பதற்கு. அழுத்தினேன். 'கீழ்க்கண்ட முகவரிக்கு ஒரு குறியீட்டை அனுப்பட்டுமா?' என்று ஒரு மின்னஞ்சல் முகவரியைப் பாதி மறைத்துக் காட்டியது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போதுமாக இருந்தது. அது அவனுடையது. அனுப்பினால் அவனுக்குப் போகும். எந்தக் கணக்கு என்றும் அதில் இருக்கும். பின்னிணைப்பு யார் என்பது அத்தோடு தெரிந்துவிடும்.

அணைத்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

மாற்று வழி கண்டேன். புதிதாக ஒரு கணக்கு தொடங்கி, 'பின்னிணைப்பு 2' என்று பெயரிட்டு, அவனுக்கு வேண்டுகோள் அனுப்பினேன். இரண்டாம் பதிப்பு என்று அவன் எடுத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு நிமிடத்தில் பதில். 'உங்கள் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.'

அவனைக் குறை சொல்ல முடியாது. பின்னிணைப்பு சொல்லாமல் கொள்ளாமல் போனவன். இன்னொருவன் அவன் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தால் சந்தேகப்படத்தான் செய்வான். சட்டம் படித்தவன்.

மார்ச் 20, வெள்ளி

அழுத்தவில்லை. ஜன்னல்களைத் துடைத்தேன்.

மார்ச் 21, சனி

நாலு மணிக்கு அழுத்தினேன். 'குறியீடு அனுப்பப்பட்டது. பத்து நிமிடத்துக்குள் உள்ளிடவும்.' திரையின் மூலையில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். யார் வந்து எதை உள்ளிடப் போகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன் எனத் தெரியவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று போன் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மனைவி கூடத்துக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

"அவன் அப்ப தொடங்கின கணக்கை யாரோ திறக்கப் பாக்கறாங்களாம். வீட்டுப் பெட்டியான்னு கேட்டான். ஆமாண்டா, அப்பாதான் தினம் நாலு மணிக்கு விளையாடறாருன்னு சொன்னேன். அப்புறம், 'எத்தனை நாளா'ன்னான். ஒரு வருஷமா இருக்கும்னேன். வச்சுட்டான்." போனை மேசைமேல் வைத்துவிட்டு, "என்னங்க நடக்குது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மேசையிலிருந்து தொடங்கினேன். அது தேவையில்லாத முன்னுரை, ஆனால் வேறு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. முடித்ததும் அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வாரத்துக்குப் பத்து நிமிஷம்" என்றாள். "உங்களுக்குத் தினம் ஒரு மணி நேரம். ஒரு நாளாவது அந்த ஹெட்ஃபோனை என் காதுல வச்சிருக்கலாமே."

இதற்கு ஒரு தட்டா, இரண்டு தட்டா?

"கையில எண்ணெய் பட்டுச்சாமே, அதாவது தெரியுமா உங்களுக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

"போன ஞாயித்துக்கிழமையே சொன்னான். உங்ககிட்ட சொன்னா என்ன பண்ணப் போறீங்கன்னு விட்டுட்டேன்."

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரே கொப்புளத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்து வைத்திருக்கிறோம்.

மார்ச் 23, திங்கள்

ஒன்றுமில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்று செவ்வாய். அவன் போன் செய்கிற நாள் இல்லை. செய்தான். மனைவி கேட்டுக்கொண்டே தலையாட்டினாள். வைத்துவிட்டு என்னிடம் வந்து, செய்தி வாசிக்கிறவள் போலச் சொன்னாள்: "நாளைக்குச் சரியா நாலு மணிக்கு அழுத்தச் சொல்லுன்னான். அப்பதான் போன் அவன் கையில இருக்குமாம். நம்பரை எனக்கு அனுப்பறானாம்."

"வேறு?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"கோபமாகவா சொன்னான்?"

"நம்பர் அனுப்பறேன்னு சொன்னான்" என்றாள்.

மார்ச் 25, புதன்

4.00-க்கு அழுத்தினேன். 4.01-க்கு மனைவியின் போனில் ஆறு எண்கள் வந்தன. அவள் படிக்கப் படிக்க நான் உள்ளிட்டேன். அவள் இரண்டு முறை படித்தாள். கணக்கு திறந்தது. எல்லாம் இருந்தது. பெயர் பின்னிணைப்பு. காலி செய்த வீடுகள் நூற்றுப் பதினெட்டு. நண்பர்கள், ஒருவர். கடைசி வீடு பூட்டியபடியே இருக்கிறது. அவன் வேறு யாரையும் கூப்பிடவில்லை.

ஐந்து மணிவரை காத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

மேசையை மறுபடி நகர்த்த வேண்டியிருந்தது. பழுது பார்த்தவர் போட்ட கேபிள் குட்டை. மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜன்னலுக்கே போய்விட்டது.

நாலு மணிக்கு அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வந்தது. கடைசி வீட்டின் கதவு திறந்தது. மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் வைத்தேன். இரு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடி பீரோ மூன்றாம் மாடியில், படுக்கையறை மூலையில் இருந்தது. அவன் முன்பக்கம் போய் நின்றான். நான் பின்பக்கம். தூக்கலாமா என்பதற்குக் காலால் ஒரு முறை தட்டினான். நான் ஒரு முறை தட்டினேன்.

முதல் திருப்பத்தில் மனைவி, "ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

செருகியிருப்பதைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் மைக் படம், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

இருபத்து நான்கு நிமிடத்தில் பீரோவை வண்டியில் ஏற்றினோம். சுவரில் எங்கும் இடிக்கவில்லை.